சின்ன டவரில் ஸ்பானிஷ் டிவி: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் அமெரிக்காவின் ஸ்பானிஷ் மொழித் தொலைக்காட்சி பற்றி எழுதும்போது, “இதில் பாதிக் கதை லோ பவர் நிலையங்களில்தான் இருக்கிறது” என்று ஒரு வரி போட்டிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, இந்த முறை முழுப் பகுதியையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: லோ பவர் டிவி என்றால் என்ன? கேபிள்காரர்கள் நடத்தும் உள்ளூர் சேனல் மாதிரியா?

இல்லை, கேபிளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வீட்டில் ஆன்டெனா வைத்து இலவசமாகப் பிடிக்கிற டிவிதான் இது. லைசென்ஸ் தருவதும் பெரிய நிலையங்களுக்குத் தருகிற அதே எஃப்சிசி, அதாவது அமெரிக்க மத்திய தகவல்தொடர்பு ஆணையம். வித்தியாசம் இரண்டு இடத்தில் வருகிறது.

முதலாவது சக்தி. இன்றைய டிஜிட்டல் யூஎச்எஃப் அலைவரிசையில் (அதாவது 14-ஆம் எண்ணிலிருந்து மேலே உள்ள சேனல்களில்) ஒரு முழுச்சக்தி நிலையம் 1,000 கிலோவாட் வரை போகலாம், லோ பவர் நிலையத்துக்கு உச்சவரம்பு 15 கிலோவாட். ஒரு ஊரையும் அதன் அக்கம்பக்கத்தையும் பிடிக்கும், நடுவே ஒரு குன்று நின்றால் அந்தப் பக்கம் படம் கிடையாது.

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். சட்டப்படி இவை இரண்டாம் நிலைச் சேவை. முழுச்சக்தி நிலையம் ஒன்றுக்கு இதனால் இடைஞ்சல் வந்தால் இது விலக வேண்டும், அந்தப் பெரிய நிலையத்தால் இதற்கு இடைஞ்சல் வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் எல்லாம் தானாகப் புரியும்.

இதன் பெயரிலேயே அந்தஸ்து தெரிந்துவிடும். பெரிய நிலையத்துக்கு கேமெக்ஸ், டபிள்யூஎன்ஜேயு என்று முழு எழுத்துப் பெயர். லோ பவர் நிலையத்துக்கு ஆரம்பத்தில் கொடுத்தது கே அல்லது டபிள்யூ, அப்புறம் சேனல் எண், அப்புறம் வரிசைப்படி வந்து விழுகிற இரண்டு எழுத்து, அவ்வளவுதான். சேனல் மாறினால் அந்த எண்ணும் மாறும், ஆக பெயரே மாறிவிடும். பத்து வருடம் அந்தப் பெயரில் விளம்பரம் பிடித்தவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 1990களில்தான் இவர்களும் விரும்பினால் எல்பி என்ற வாலோடு நான்கு எழுத்துப் பெயர் வாங்கலாம் என்று வந்தது.

கேள்வி: ஸ்பானிஷ் நிலையங்கள் ஏன் இந்தக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தன? பெரிய நிலையம் வாங்க அவர்களிடம் பணம் இல்லையா?

பணம் ஒரு காரணம், அது மட்டும் இல்லை. கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1955-இல் டெக்சஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் ராவுல் கோர்டெஸ் என்பவர் கேசிஓஆர் டிவியை சேனல் 41-இல் தொடங்கினார். அமெரிக்கப் பெருநிலத்தில் முழுக்க ஸ்பானிஷில் இயங்கிய முதல் டிவி நிலையம் அதுதான். (போர்ட்டோ ரிக்கோ தீவில் ஏஞ்செல் ராமோஸ் அதற்கு ஒரு வருடம் முன்பே டெலிமுண்டோ என்ற பெயரில் சேனல் 2-ஐ ஆரம்பித்துவிட்டார், அது தனிக்கதை.) கோர்டெஸுக்கு சேனல் 41 கிடைத்ததே ஒரு சோதனை, ஏனென்றால் அது யூஎச்எஃப். அந்தக் காலத்து டிவிப் பெட்டிகளில் பெரும்பாலானவை 2 முதல் 13 வரையிலான விஎச்எஃப் சேனல்களை மட்டும்தான் பிடிக்கும். 41 பார்க்க வேண்டுமென்றால் தனியாக ஒரு கன்வெர்ட்டர் வாங்கி மாட்ட வேண்டும். நல்ல எண்களெல்லாம் ஆங்கில நிலையங்களிடம் போய்விட்ட பிறகு மிச்சமிருந்தது இதுதான். அவருடைய நிகழ்ச்சிகளைக் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள், விளம்பரதாரர்கள் மட்டும் அந்தக் கூட்டம் இருக்கிறது என்றே ஒத்துக்கொள்ளவில்லை. 1961-இல் விற்றுவிட்டார். வாங்கிய குழுவில் அவருடைய மருமகன் எமிலியோ நிக்கோலஸும், மெக்சிகோவின் டிவி முதலாளி எமிலியோ அஸ்காராகாவும் இருந்தார்கள். கேசிஓஆர், கேடபிள்யூஇஎக்ஸ் ஆனது. அடுத்த வருடம் லாஸ் ஏஞ்சலஸில் சேனல் 34-இல் கேமெக்ஸ் வந்தது, அதுவும் யூஎச்எஃப். இவற்றைச் சேர்த்து உருவான எஸ்ஐஎன் என்ற நெட்வொர்க்தான் 1987-இல் யூனிவிஷன் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

1962-இல் ஒரு சட்டம் வந்து, 1964 முதல் தயாராகிற எல்லா டிவிப் பெட்டியும் யூஎச்எஃப் பிடிக்க வேண்டும் என்றாகிவிட்டது. அது பெரிய உதவி. ஆனாலும் பெரிய நகரம் தவிர மற்ற இடங்களில் வாழ்ந்த ஸ்பானிஷ் குடும்பங்களுக்கு, அதாவது பழத்தோட்டத்திலும் இறைச்சித் தொழிற்சாலையிலும் வேலைக்குப் போனவர்கள் இருந்த ஊர்களுக்கு, எதுவுமே போய்ச் சேரவில்லை. முழுச்சக்தி லைசென்ஸ் ஏற்கெனவே தீர்ந்துபோயிருந்தது, விலைக்கு வந்தாலும் அந்த மக்கள்தொகைக்குக் கட்டுப்படியாகாது.

இந்த இடத்தில்தான் 1982 வருகிறது. அதுவரை மலை ஊர்களில் டிரான்ஸ்லேட்டர் என்று சின்னச் சின்ன ரிலே நிலையங்கள் இருந்தன. தூரத்து நிலையத்தின் படத்தை வாங்கி வேறு சேனலில் திருப்பி அனுப்புவது மட்டும்தான் அவற்றின் வேலை, சொந்த நிகழ்ச்சி போடக் கூடாது. அதே சின்ன டிரான்ஸ்மிட்டரில் சொந்த நிகழ்ச்சியும் போடலாம் என்று 1982-இல் எஃப்சிசி அனுமதித்தது. லோ பவர் டிவி சேவை பிறந்தது இப்படித்தான். விண்ணப்பங்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்ததால் யாருக்குத் தருவது என்று தீர்மானிக்கக் குலுக்கல் நடத்தினார்கள். சிறுபான்மையினர் கையில் இருக்கும் நிறுவனங்களுக்கும், வேறு ஊடகம் எதுவும் கையில் இல்லாதவர்களுக்கும் அந்தக் குலுக்கலில் முன்னுரிமை இருந்தது. ஸ்பானிஷ்காரர்களுக்கு முதல் தடவையாக நுழைய ஒரு வாசல் கிடைத்தது. இன்னொன்றும் சரியாக அமைந்தது: எஸ்ஐஎன் 1976-லிருந்தே செயற்கைக்கோள் வழியாக நிகழ்ச்சி அனுப்பிக்கொண்டிருந்தது, அமெரிக்காவில் அதை முதலில் செய்த ஒளிபரப்பு நெட்வொர்க்குகளில் அதுவும் ஒன்று. ஆகவே ஒரு டிஷ், ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர், வாடகைக்கு ஒரு டவரில் இடம் இருந்தால் போதும், நிலையம் தயார்.

கேள்வி: செயற்கைக்கோளிலோ கேபிளிலோ ஸ்பானிஷ் சேனல் வருகிறதே. அதையே பார்த்துக்கொண்டால் போகிறது. ஊருக்கு ஒரு நிலையம் எதற்கு?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி, நான் சொல்ல வேண்டியதே இதில்தான் இருக்கிறது.

1987 மே 22. மேற்கு டெக்சஸில் சரகோசா என்று ஒரு சின்ன ஊர், சில நூறு பேர், கிட்டத்தட்ட எல்லாருமே ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். அன்று மாலை கத்தோலிக்கக் கோவிலின் மண்டபத்தில் பாலர் பள்ளிக் குழந்தைகளுக்குப் பட்டமளிப்பு விழா, பெற்றோர், தாத்தா பாட்டி எல்லாரும் கூடியிருந்தார்கள். அப்போது சூறாவளி அந்த ஊர் வழியாக நேராகப் போனது. 30 பேர் இறந்தார்கள், அதில் 22 பேர் அந்த மண்டபத்திலேயே. பின்னால் எச்சரிக்கை ஏன் போய்ச் சேரவில்லை என்று ஆய்வாளர்கள் தனியாகவே விசாரித்தார்கள். வானிலைத் துறை எச்சரிக்கை விடுக்காமல் இல்லை. ஆனால் அங்கே வீடுகளில் கேபிளில் ஓடிய ஸ்பானிஷ் சேனல் தூரத்திலிருந்து அப்படியே ரிலே ஆகிற சேனல். அதில் அந்த வட்டாரத்து எச்சரிக்கையைச் செருக ஆளே கிடையாது. படம் பளிச்சென்று வந்துகொண்டிருந்தது, புயல் செய்தி மட்டும் வரவில்லை.

ஸ்பானிஷில் டிவி இருப்பதும் ஊரில் ஸ்பானிஷ் டிவி இருப்பதும் ஒன்றல்ல என்பது இதுதான். மயாமியிலிருந்து வருகிற நிகழ்ச்சி எவ்வளவு நன்றாக இருந்தாலும், உங்கள் ஊர்ப் பள்ளி நாளைக்கு லீவா, எந்தச் சாலையில் வெள்ளம், எந்த ஆஸ்பத்திரியில் தடுப்பூசி, மாவட்ட நீதிமன்றத்தில் யாருக்கு என்ன ஆனது என்று சொல்லாது. அதைச் சொல்ல அந்த ஊரில் ஒரு கேமராவும் ஒரு மைக்கும் வேண்டும், முக்கியமாக நடு நிகழ்ச்சியில் நெட்வொர்க்கை வெட்டிவிட்டு உள்ளே வருகிற அதிகாரம் உள்ள ஒருவர் பட்டன் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: அப்படிப்பட்ட ஒரு நிலையத்தில் ஒரு நாள் எப்படிப் போகும்?

நாளில் பெரும்பகுதி நெட்வொர்க் அனுப்புவதுதான்: காலை நிகழ்ச்சி, பேச்சு நிகழ்ச்சி, இரவில் தொடர்கள். இவர்கள் வேலை நடு நடுவே நெட்வொர்க் விட்டுத்தருகிற விளம்பர இடைவேளையில் நடக்கும். கார் விற்பவர், குடியேற்ற வழக்கறிஞர், பணம் அனுப்பும் கடை, தளவாடக் கடை இவர்கள்தான் விளம்பரம் தருவார்கள். பல நேரம் அந்த விளம்பரத்தை எடுப்பதும் நிலையத்து ஆளே. காலையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய் விளம்பரம் எடுத்தவர், மதியம் அதே கேமராவோடு நகரசபைக் கூட்டத்துக்குப் போவார், சாயங்காலம் வெட்டி ஒட்டி, ஆறு மணிச் செய்திக்குக் கொடுப்பார். கொஞ்சம் வசதி உள்ள நிலையத்தில்தான் இந்த ஆறு மணிச் செய்தியே உண்டு. இல்லாத இடத்தில் வாரத்துக்கு ஒரு முறை ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு விருந்தினர் என்று அரை மணி நேரம் ஓடும். எனக்கு அந்த அரை மணி நேரத்தின் மேல் பெரிய மரியாதை உண்டு. ஊர் மேயர் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு அந்த மக்களுக்கு நேரடியாகப் பதில் சொல்ல வந்து உட்கார்ந்த ஒரே இடம் பல ஊர்களில் அதுவாகத்தான் இருந்தது.

இப்படி நடத்தியவர்களில் வளர்ந்தவர்களும் உண்டு. இசட்ஜிஎஸ் என்ற நிறுவனம் வாஷிங்டன் வட்டாரத்திலிருந்து ஆரம்பித்து டெலிமுண்டோ என்ற ஸ்பானிஷ் நெட்வொர்க்கின் நிகழ்ச்சிகளைக் காட்டும் நிலையங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தது. வாஷிங்டன், டாம்பா, ஒர்லாண்டோ, ஹார்ட்ஃபர்ட் போன்ற நகரங்களில் அவர்கள் வைத்திருந்தவை பெரும்பாலும் லோ பவர் வகைதான். தலைநகரிலேயே டெலிமுண்டோ ஒரு லோ பவர் நிலையம் வழியாகத்தான் மக்களுக்குக் கிடைத்தது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2018 தொடக்கத்தில் அந்த நிலையங்களை என்பிசி யூனிவர்சல் வாங்கிக்கொண்டது.

கேள்வி: கிளாஸ் ஏ என்று சில நிலையங்களைச் சொல்கிறார்களே, அது என்ன?

1999 நவம்பரில் ஒரு சட்டம் போட்டார்கள். ஒழுங்காக உள்ளூர் சேவை செய்கிற லோ பவர் நிலையத்தை இனி பெரிய நிலையம் வந்து துரத்தக் கூடாது, அதற்குப் பாதுகாப்பு உண்டு என்று சொன்ன சட்டம் அது. அந்தப் பாதுகாப்புப் பெற்றவைதான் கிளாஸ் ஏ. தகுதி என்ன தெரியுமா? சட்டம் வருவதற்கு முந்தைய 90 நாளில் தினம் 18 மணி நேரம் ஒளிபரப்பியிருக்க வேண்டும், வாரத்துக்குச் சராசரி 3 மணி நேரம் உள்ளூர் வட்டாரத்தில் தயாரித்த நிகழ்ச்சி போட்டிருக்க வேண்டும். அந்தக் குறிப்பிட்ட மூன்று மாதத்தில் காசில்லாமல் வெறும் நெட்வொர்க்கை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தவர் வெளியே நின்றுவிட்டார். அதற்கு முன் எத்தனை வருடம் உழைத்திருந்தாலும் கணக்கில் வராது. நல்ல சட்டம்தான், இந்தக் கத்தி மட்டும் கொஞ்சம் கொடூரமாக விழுந்தது.

கேள்வி: 2009-இல் அமெரிக்கா டிஜிட்டலுக்கு மாறியபோது இவர்கள் கதி?

2009 ஜூன் 12-ஆம் தேதி முழுச்சக்தி நிலையங்கள் அனலாகை நிறுத்தின. லோ பவர் நிலையங்களுக்கு அந்தக் கெடு பொருந்தாது, மெதுவாக மாறிக்கொள்ளலாம் என்றார்கள். கேட்க இது சலுகை மாதிரி இருக்கும். நடந்தது வேறு.

பழைய டிவி வைத்திருந்த வீடுகளுக்கு அரசு 40 டாலர் கூப்பன் கொடுத்து டிஜிட்டல் கன்வெர்ட்டர் பெட்டி வாங்கச் சொன்னது, வீட்டுக்கு இரண்டு கூப்பன் வரை. ஆன்டெனா வயர் பெட்டிக்குள் போய், பெட்டியிலிருந்து டிவிக்குப் போகும். அந்தப் பெட்டிகளில் பலவற்றில் அனலாக் சிக்னலை அப்படியே உள்ளே விடும் வசதி இல்லை. பெட்டியை மாட்டிய அன்றே பெரிய சேனல்கள் எல்லாம் பளிச்சென்று வந்தன, இன்னும் அனலாகில் ஓடிக்கொண்டிருந்த சின்ன ஸ்பானிஷ் சேனல் காணாமல் போய்விட்டது! நிலையம் ஒழுங்காக ஓடிக்கொண்டுதான் இருந்தது, பார்க்கிறவர் வீட்டில்தான் அடைபட்டது. கேபிள் போடாமல் ஆன்டெனாவில் பார்க்கிற வீடுகள் ஸ்பானிஷ் மக்களிடையே அதிகம், அதனால் அடி இவர்களுக்குத்தான் பலமாக விழுந்தது. லோ பவர் நிலையங்களின் சங்கம் இதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றது, 2009-லேயே அந்தச் சங்கமும் கலைந்துவிட்டது.

லோ பவர் அனலாகுக்கு அப்புறம் 2015 செப்டம்பர் 1 என்று கெடு வைத்து, அதைத் தள்ளிப்போட்டு, கடைசியில் 2021 ஜூலை 13-இல் நிறுத்தினார்கள். அலாஸ்காவுக்கு மட்டும் இன்னும் சில மாதம் கூடுதல்.

கேள்வி: அலைவரிசை ஏலத்தில் இந்த நிலையங்களுக்கும் கோடிக்கணக்கில் பணம் கிடைத்ததாமே?

கிளாஸ் ஏ வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது, சாதாரண லோ பவருக்கு ஒரு காசு கிடையாது. 2016-17-இல் நடந்த அந்த ஏலத்தில் 38 முதல் 51 வரையிலான சேனல்களின் இடத்தை செல்போன் நிறுவனங்கள் 19.8 பில்லியன் டாலருக்கு எடுத்தன. இடத்தை விட்டுக்கொடுத்த முழுச்சக்தி, கிளாஸ் ஏ நிலையங்களுக்குப் பங்கு போனது. இரண்டாம் நிலைச் சேவையான லோ பவர் ஏலத்தில் விற்கவும் முடியாது, அதற்குப் பாதுகாப்பும் கிடையாது. செல்போன் கம்பெனி டவரை இயக்கத் தயாராகி 120 நாள் நோட்டீஸ் கொடுத்தால் காலி செய்ய வேண்டியதுதான். 2 முதல் 36 வரை சுருங்கிப்போன இடத்தில் பெரிய நிலையங்கள் எல்லாம் உட்கார்ந்த பிறகு மிச்சம் என்ன இருக்கிறது என்று 2018 ஏப்ரலில் இவர்களைத் தேடச் சொன்னார்கள். லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் மாதிரி நெரிசலான நகரங்களில் அந்த மிச்சம் மிகச் சொற்பம்.

அந்த வருடம் மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றம் லோ பவர் நிலையங்களுக்கும் டிரான்ஸ்லேட்டர்களுக்கும் இடம் மாறும் செலவுக்கு 150 மில்லியன் டாலர் ஒதுக்கியது. நல்ல காரியம், தாமதமாக வந்தது என்பதும் உண்மை. புது ஆன்டெனாவும் டிரான்ஸ்மிட்டரும் வாங்கக் கையில் பணமில்லாமல் அதற்குள் ஒதுங்கியவர்களுக்கு அது உதவவில்லை. வாஷிங்டன் டெலிமுண்டோ கதை வேறு மாதிரி: அது கிளாஸ் ஏ, ஆகவே தன் அலைவரிசையை விற்றுவிட்டு, என்பிசியின் டபிள்யூஆர்சி நிலையத்தோடு ஒரே சிக்னலைப் பகிர்ந்துகொண்டு தொடர்ந்தது.

2023 ஜனவரியில் இன்னொரு சட்டம் கையெழுத்தாகி மறுபடி கொஞ்சம் நிலையங்களுக்குக் கிளாஸ் ஏ வாய்ப்புத் திறந்தது, ஆனால் 95,000 டிவி வீடுகளுக்கு மேல் இல்லாத சின்னச் சந்தைகளுக்கு மட்டும். ஸ்பானிஷ் மக்கள் பெரும்பாலும் வாழ்வது அதைவிடப் பெரிய சந்தைகளில். அந்த எண்ணை வைத்தவர்கள் இவர்களை நினைத்துப் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: எஃப்எம் ரேடியோவில் 87.7-இல் டிவி கேட்கலாமாமே, நிஜமா?

நிஜம்தான். அனலாக் சேனல் 6-இன் ஒலி 87.75 மெகாஹெர்ட்ஸில் வரும், எஃப்எம் வரிசைக்கு ஒட்டினாற்போல இருப்பதால் சாதாரண ரேடியோவிலேயே விழும். சில லோ பவர்காரர்கள் பெயருக்கு ஒரு படத்தைத் திரையில் நிறுத்திவிட்டு ரேடியோவாகவே நடத்தினார்கள், அதில் ஸ்பானிஷ் பாட்டும் பிரசங்கமும் ஓடிய நிலையங்களும் உண்டு. அனலாக் போன பிறகும் 14 நிலையங்கள் தொடர 2023-இல் எஃப்சிசி அனுமதித்தது.

கேள்வி: இப்போது இவை யார் கையில் இருக்கின்றன?

பெரிய கைகளில், அதுதான் வருத்தம். குடும்பம் குடும்பமாக நடத்தியவர்கள் சேனல் மாற்றச் செலவில் களைத்து விற்க, பல நிலையங்கள் ஒரே நிறுவனத்திடம் மொத்தமாகப் போயின. எச்.சி.2 (HC2) என்ற நிறுவனம் 2017-லிருந்து லோ பவர் நிலையங்களை வாங்கிக் குவித்தது, கூடவே அஸ்டெக்கா அமெரிக்கா என்ற ஸ்பானிஷ் நெட்வொர்க்கையும் வாங்கியது. 2022 முடிவோடு அந்த நெட்வொர்க் மூடப்பட்டது. டிஜிட்டலில் ஒரே சிக்னலில் பல சேனல்களை ஏற்றலாம் என்பதால், நெட்வொர்க் மூடினாலும் நிலையம் மூடுவதில்லை. எங்கிருந்தோ வருகிற வேறு நிகழ்ச்சிகளை ஏற்றிவிட்டு ஓடிக்கொண்டிருக்கும். லைசென்ஸில் ஊர்ப் பெயர் இருக்கும், அந்த ஊரில் ஒரு ஆள்கூட இருக்கமாட்டார்.

கேள்வி: ஊடகப் படிப்பு மாணவி நான். இப்படிப்பட்ட ஒரு நிலையத்தின் வரலாற்றை ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். எங்கும் எதுவும் கிடைக்கவில்லை. எங்கே தேடுவது?

நல்ல வேலையில் இறங்கியிருக்கிறீர்கள், விட்டுவிடாதீர்கள்.

முதலில் எஃப்சிசி ஆவணங்கள். லைசென்ஸ் தரவுத்தளம் இணையத்தில் திறந்தே இருக்கிறது. பெயரை வைத்துத் தேடாதீர்கள், பெயர் நான்கு தடவை மாறியிருக்கும். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஃபெசிலிட்டி ஐடி என்று ஒரு எண் உண்டு, அது சேனல் மாறினாலும் முதலாளி மாறினாலும் மாறாது, அதைப் பிடியுங்கள். டவர் எங்கிருந்து எங்கே போனது, எப்போது கை மாறியது, எத்தனை நாள் ஒளிபரப்பில்லாமல் இருக்க அனுமதி கேட்டார்கள் எல்லாம் அதில் வரும். அந்த அனுமதிக் கடிதங்களை ஊன்றிப் படியுங்கள், பணம் தீர்ந்துபோனது, டவர் உரிமையாளர் வெளியேற்றியது என்று நிலையத்துக்காரர் தன் கஷ்டத்தைத் தன் வாயால் சொல்கிற ஒரே இடம் அது. நிலையம் கிளாஸ் ஏ என்றால் பொதுப் பார்வைக் கோப்பு என்று ஒன்று இருக்கும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்னென்ன உள்ளூர்ப் பிரச்சினைகளைப் பேசினோம் என்று அதில் பட்டியல் போட்டிருப்பார்கள்.

1980, 90களுக்கு, அமெரிக்க ஒளிபரப்புத் துறையின் பழைய ஆண்டுக் கையேடுகள் ஸ்கேன் செய்து இணையத்தில் கிடக்கின்றன. அந்தந்த ஊர் ஸ்பானிஷ் வாரப் பத்திரிகைகளையும் பாருங்கள், டிவி நிகழ்ச்சி அட்டவணை அதில் இருக்கும், ஆங்கிலப் பத்திரிகை அதைப் போட்டிருக்காது.

நிகழ்ச்சிகளின் பதிவு கிடைப்பதுதான் கஷ்டம். டேப் விலை அதிகம் என்பதால் பழையதை அழித்து அதன்மேலேயே புதிதைப் பதிந்த நிலையங்கள் நிறைய. ஆகவே மனிதர்களைத் தேடுங்கள். செய்தி வாசித்தவரைவிட விளம்பரம் பிடித்தவரும் இன்ஜினியரும்தான் அதிகம் சொல்வார்கள். செய்தி வாசித்தவர்கள் பெரிய ஊருக்குப் போயிருப்பார்கள், இவர்கள் அங்கேயே இருப்பார்கள். விளம்பரம் கொடுத்த கடைக்காரர்களிடமும் கேளுங்கள், தங்கள் விளம்பரம் வந்த கேசட்டைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் உண்டு. விளம்பரத்துக்கு முன்னும் பின்னும் ஓடிய செய்தியில் சில நிமிடமாவது அதில் சேர்ந்து பதிவாகியிருக்க வாய்ப்பு இருக்கிறது. யாராவது தந்தால் முதலில் நகல் எடுத்துவிட்டு அப்புறம் ஓட்டிப் பாருங்கள், முப்பது வருட டேப் இரண்டாவது தடவை ஓடும் என்று நிச்சயமில்லை.